எக்செல் பிரிண்ட்டில் சார்ட் காணாமல் போவது ஏன்?

திரையில் பளிச்சென்று இருந்த சார்ட், மீட்டிங்குக்கு எடுத்த பிரிண்ட்டில் இல்லையா? பிரிண்டரைத் திட்டும் முன் 'பேஜ் லேஅவுட்' டேப் வழியாக 'பேஜ் செட்டப்' பெட்டியைத் திறந்து பாருங்கள்.

சார்ட்டைக் காணோமா?
'ஷீட்' பகுதியில் 'டிராஃப்ட் குவாலிட்டி' டிக் ஆகியிருக்கலாம். அது இருந்தால் கட்டக் கோடுகளும் பெரும்பாலான படங்களும் அச்சாகாது. நீங்களே சரிபார்க்க எடுக்கும் காப்பிக்கு ஓகே. மேனேஜர் கைக்குப் போகும் காப்பி என்றால் டிக்கை எடுத்துடுங்க.

டிபிஐ என்றால் என்ன?
ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு. 'பேஜ்' பகுதியில் 'பிரிண்ட் குவாலிட்டி' என்று இருக்கும். 300-ஐ 600 ஆக்கினால் ஒரு சதுர அங்குலத்தில் விழும் புள்ளிகள் 4 மடங்காகும். பட்டியலில் எந்தெந்த எண்கள் வரும் என்பது உங்கள் பிரிண்டரைப் பொறுத்தது.

எழுத்து பொடிப்பொடியாக வருதா?
அதற்கு டிபிஐ காரணமில்லை. 200 வரிகளை ஒரே பக்கத்தில் அடைத்தால் அப்படித்தான் வரும். 'ஃபிட் டு'வில் அகலத்துக்கு 1 கொடுத்து, உயரத்தைக் காலியாக விடுங்கள். வரிகள் அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போய்விடும்.

ஒரே ஃபைல், பல பிடிஎஃப்பா?
இந்த அமைப்பு ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனித்தனி. ஒன்றில் 300, இன்னொன்றில் 600 என்று இருந்தால், மொத்த ஃபைலையும் பிரிண்ட் கொடுக்கும்போது தனித்தனி வேலையாகப் பிரிந்து போகலாம். எல்லா ஷீட்டிலும் ஒரே எண்ணை வையுங்கள், பிரச்னை தீர்ந்தது.