வெங்காயத்தோலும் வண்ண முட்டையும்

பங்குனி முடிந்து சித்திரை பிறக்கும் நாட்களில், தில்லி, கொல்கத்தா, மும்பை போன்ற நகரங்களில் வாழும் நம் நேயர்கள் பலர், ரொட்டிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளில் வண்ண முட்டைகள் அடுக்கப்பட்டிருப்பதைக் கண்டிருக்கக்கூடும். சர்க்கரையாலும் சாக்லேட்டாலும் செய்யப்பட்ட அவை ஈஸ்டர் திருநாளுக்கு உரியவை. கடையில் விற்கும் அந்த இனிப்புக்கு மூத்த வழக்கு ஒன்று உண்டு. கோழி முட்டையை வீட்டு அடுப்பிலேயே வேகவைத்து, வீட்டுப் பொருள்களாலேயே அதற்குச் சாயம் ஏற்றும் வழக்கு அது. அதன் வரலாற்றை இன்று நாம் சிறிது காண்போம். ஊர் விட்டு ஊர் சென்று வாழ்வோர்க்கு அவ்வரலாற்றில் ஒரு செய்தி அடங்கியிருக்கிறது.

முட்டை ஓட்டை அழகு செய்யும் எண்ணம் மனிதனுக்கு மிகப் பழமையானது. தென்னாப்பிரிக்காவின் டீப்குளூப் பாறைக் குகையில், கோடுகள் கீறப்பட்ட நெருப்புக்கோழி முட்டை ஓடுகள் கிடைத்துள்ளன. அவற்றின் வயது ஏறத்தாழ 60,000 ஆண்டுகள். நம் நாட்டிலும், மகாராஷ்டிரத்தின் பாட்னே என்னும் ஊரில், சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அத்தகைய ஓடு ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. மெசபொட்டேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகளில் அழகு செய்யப்பட்ட முட்டைக் கலங்கள் இருந்தன. உழவு தோன்றும் முன்பே, கோழியை மனிதன் வளர்க்கத் தொடங்கும் முன்பே, முட்டை ஓடு அவனுக்கு எழுதும் பலகையாயிற்று எனலாம்.

ஆயின் வசந்தத்தையும் முட்டையையும் இணைத்தது எது? உயிரற்றது போல் தோன்றும் ஓட்டுக்குள்ளிருந்து உயிர் வெளிப்படுவதைப் புதுப்பிறப்பின் குறியாகப் பல மக்களும் கொண்டனர். பகலும் இரவும் சமமாகும் மார்ச்சுத் திங்கள் 20 அல்லது 21ஆம் நாளில் ஈரானியர் கொண்டாடும் நவ்ரோஸ் புத்தாண்டு மேசையில் வண்ண முட்டைகள் இடம்பெறுகின்றன. அச்சமநாளை ஒட்டியே ஈஸ்டரும் கணிக்கப்படுகிறது. மார்ச்சு 21ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு அதற்குரிய நாள். ஆகவேதான் அது நமக்குச் சில ஆண்டுகளில் பங்குனியிலும் சில ஆண்டுகளில் சித்திரையிலும் வருகிறது.

குறியீட்டோடு நடைமுறைக் காரணம் ஒன்றும் சேர்ந்தது. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கேரளத்துச் சிரியன் கிறித்தவர்களின் ஐம்பது நோன்பிலும் மரபுப்படி முட்டை இல்லை. நோன்பை மனிதர் நோற்பர், கோழி நோற்குமா? அது இட்டுக்கொண்டே இருந்தது. சேர்ந்துவிட்ட முட்டைகளை வேகவைத்து வைத்திருந்து, நோன்பு முடியும் நாளில் உண்பதும் பிறர்க்கு ஈவதும் இயல்பாயின. இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்டின் 1290ஆம் ஆண்டு அரண்மனைக் கணக்கில், ஈஸ்டருக்கெனப் பொன் தகடு வேய்ந்தும் சாயமேற்றியும் வழங்குவதற்காக 450 முட்டைகள் 18 பென்னிக்கு வாங்கப்பட்ட செய்தி காணப்படுகிறது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூலில் முட்டைகளுக்கான ஆசி மன்றாட்டும் இடம்பெற்றது.

மன்னன் பொன் வேய்ந்தான். குடியானவன் என் செய்வான்? அவன் வீட்டில் பொன் இல்லை, வெங்காயத்தோல் இருந்தது. இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்காட்லாந்திலும் முட்டையின்மேல் இலையும் பூவும் வைத்து, வெங்காயத்தோலால் பொதிந்து, துணியால் கட்டி வேகவைத்தனர். இலை இருந்த இடம் வெளிறியும், மற்றை இடம் செம்பழுப்பாகவும் பளிங்குக் கல்போல் வரியோடியும் வந்தது. அம்முட்டைகளைப் புல்மேட்டில் உருட்டி விளையாடுவது பிள்ளைகளின் மகிழ்ச்சி. அர்மேனியரும் வெங்காயத்தோலையே கொண்டனர். அவர்களுக்கு அச்செந்நிறம் கிறித்துவின் குருதியை நினைவூட்டுவது.

இதன் வேதியியல் எளிது. முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் சுண்ணாம்புக் கல்லின் பொருளே. அதன்மேல் புரதத்தால் ஆன மெல்லிய படலம் ஒன்று உண்டு. சாய நீரில் சிறிது காடி, அதாவது வினிகர், சேர்த்தால் அப்புளிப்பு ஓட்டின் மேற்பரப்பைச் சற்றே அரித்து, படலம் நிறத்தைப் பற்றிக்கொள்ளத் துணைசெய்கிறது. இதைக் கேட்கும் நம் பாட்டிமார் வியக்கமாட்டார்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும் என்பதை அறிந்து, மணமக்களுக்கு ஆலம் சுற்றியவர்கள் அவர்கள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். புளிப்பு பட்டால் மஞ்சளாகவே நிற்கும். ஆகவே காடி கலந்த மஞ்சள் நீரில் வேகும் முட்டை பொன்னிறமே பெறும். ஐரோப்பியக் குடியானவளும் நம் பாட்டியும் ஒரே கலையின் இரு கிளைகளைக் கையாண்டனர் எனலாம்.

இவ்வழக்கு நெடுந்தொலைவு பயணம் செய்தது. பயணம் செய்தவர்களுள் நமக்கு அண்மையவர் சென்னை அர்மேனியர். வணிகத்தின் பொருட்டு வந்த அச்சிறு சமூகத்தின் பெயரைச் சென்னை அர்மேனியன் தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. அங்குள்ள ஆலயம் 1772இல் எழுந்தது. பரங்கிமலையின் கற்படிகளை அமைத்தவர் கோஜா பெட்ருஸ் உஸ்கான் என்னும் அர்மேனிய வணிகர். உலகின் முதல் அர்மேனிய இதழான அஸ்தாரார் 1794இல் சென்னையில்தான் அச்சாயிற்று. கொல்கத்தாவிலும் 1724இல் அவர்கள் ஆலயம் எழுப்பினர். கப்பலேறி வந்தவன் கற்கோயிலைச் சுமந்து வர இயலாது. வெங்காயத்தோலில் முட்டை வேகவைக்கும் அறிவை மட்டும் சுமையின்றிக் கொண்டு வரலாம். சேர்ந்த ஊரின் சந்தையிலும் வெங்காயம் விற்கும் அல்லவா?

இந்த எண்ணத்தோடு நாம் சூரியநெல்லிக்குச் செல்வோம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றுக்குக் கிழக்கே, போடி மலைப்பாதைக்கு அருகில் உள்ள தேயிலைச் சிற்றூர் அது. அம்மலைகளில் இரு வகைக் குடியேறிகள் சந்தித்தனர். ஒருசாரார் கண்ணன் தேவன் மலைகளைத் தோட்டமாக்கிய ஐரோப்பியத் துரைமார். 1897இல் அங்கே பெருங் கம்பெனியை நிறுவியது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து பின்லே நிறுவனம். மற்றொரு சாரார் கங்காணிமாருடன் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து மலையேறிய தமிழ்த் தொழிலாளர். 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. மலைத் தமிழர் பலர் தம் வீட்டை விட்டு அடியெடுத்து வைக்காமலே வேற்று மாநிலத்தவர் ஆயினர். எல்லையின் விந்தையைப் பாருங்கள்: கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது, ஆயினும் வாகனத்தில் செல்வோர் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகவே அங்குச் செல்ல வேண்டும்.

அம்மலையின் லயத்து வீட்டுச் சமையற்கட்டை எண்ணிப் பாருங்கள். அஞ்சறைப் பெட்டியில் மஞ்சள் இருக்கிறது. முறத்தில் வெங்காயச் சருகு இருக்கிறது. கெட்டிலில் தேயிலைச் சாறு இருக்கிறது. வெங்காயத்தோல் செம்பழுப்பையும், மஞ்சள் பொன்னிறத்தையும், கடுந் தேயிலைச் சாறு தவிட்டு நிறத்தையும் முட்டைக்கு ஊட்டும். பல நாட்டார் திருநாளுக்குத் தேடிய மூன்று சாயங்களும் அங்கே அன்றாடப் பொருள்கள்.

இனி, இக்கலைக்கு நேர்ந்த மாற்றத்தையும் சொல்ல வேண்டும். 1856இல் இங்கிலாந்தின் வில்லியம் பெர்க்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டறிந்தார். 1880ஐ ஒட்டி அமெரிக்காவின் நூவர்க் நகரத்து மருந்துக்கடைக்காரர் வில்லியம் டவுன்லி, முட்டைச் சாயத்தைச் சிறு வில்லைகளாக்கி ஐந்து சென்ட்டுக்கு விற்கலானார். வசதி பெருகிற்று, வெங்காயத்தோல் பல வீடுகளில் குப்பைக்குத் திரும்பிற்று. இக்கதை நமக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையின் சாயவேர் தந்த சிவப்பு, கடல் கடந்து புகழ் பெற்றிருந்தது. 1868இல் செருமானிய அறிஞர் கிரேபேயும் லீபர்மனும் அவ்வகைச் சிவப்பின் மூலப்பொருளான அலிசரினை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். அதன்பின் சாயவேர் அகழ்வோரின் தொழில் நலிந்தது. வேர் மண்ணில் இருந்தது. அதைப் பக்குவம் செய்யும் அறிவே கையை விட்டு அகன்றது.

வெளிமாநிலத்தில் வாழும் நாம் எண்ண வேண்டிய இடம் இதுதான். வாங்கி வைக்கும் பண்டிகை, கடை உள்ளவரை நிற்கும். செய்து பார்க்கும் பண்டிகை, கை உள்ளவரை நிற்கும். பொங்கலுக்கு மஞ்சள் கொத்து கிடைக்காத ஊரிலும், வாசலே இல்லாத மாடி வீட்டிலும், நம் பெண்டிர் ஏதோ ஒன்றைக் கொண்டு மரபை ஓட்டி வருகின்றனர். பொருள் மாறலாம், ஆனால் ஏன் செய்கிறோம், எவ்வாறு செய்கிறோம் என்பதைப் பிள்ளைகள் அருகிருந்து காண வேண்டும். காணாத பிள்ளைக்கு அது வெறும் விடுமுறை நாள்.

விரும்பும் இல்லத்தார்க்கு முறையையும் சொல்லி முடிப்போம். பத்துப் பன்னிரண்டு வெங்காயத்தின் உலர்ந்த தோலை நீரில் அரைமணி நேரம் கொதிக்கவிட்டு வடித்து ஆறவிடுங்கள். இரு கரண்டி காடி சேருங்கள். கழுவிய முட்டையின்மேல் கொத்தமல்லி இலை ஒன்றைப் படியவைத்து, மெல்லிய துணியால் இறுகச் சுற்றிக் கட்டி, அந்நீரில் இட்டுப் பன்னிரண்டு நிமிடம் வேகவிடுங்கள். ஆறிய பின் துணியை அவிழ்த்து, துளி எண்ணெய் தடவித் துடையுங்கள். துணிச் சாயம் எதையும் உணவாகும் முட்டைக்குப் பயன்படுத்தலாகாது. வெந்த முட்டையை வெப்ப நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைத்திருந்து உண்ணலும் ஆகாது. பிள்ளைகளையே துணியை அவிழ்க்கச் சொல்லுங்கள். செவ்வோட்டின்மேல் வெளிறி நிற்கும் அந்தச் சிறு இலை எவ்வாறு வந்தது என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.