கலத்தினுள்ளே ஒரு தூது

அச்சமுற்றோன் குருதியில் அதிரினலின் பாய்ந்ததும், ஈரற்கலங்கள் தம்மிடமுள்ள கிளைக்கோசனைக் குளுக்கோசாக்கி வெளிவிடுகின்றன. அவ்வோமோன் கலத்தை ஏவுவது எங்ஙனம்? முழுமையான கலத்திலன்றி ஓமோன் தொழிற்படாது என்பதே அக்கால அறிஞர் பலரின் கொள்கை. அது மெய்யாயின் கலத்தின் உட்பொறியைப் பிரித்தாராய வழியில்லை.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஏர்ல் சதர்லாந்தும் தியடோர் ராலும் துணைவரும் அக்கொள்கையைத் தகர்த்தனர். அவர்தம் முடிபு 1957இல் வெளியாயிற்று. உடைத்த ஈரற்கலங்களின் கூழில் அதிரினலினைச் சேர்க்க, கிளைக்கோசனைச் சிதைக்கும் பொசுபோரிலேசு என்னும் நொதியம் ஊக்கமுற்றது. கூழைச் சுழற்றித் துணிக்கைகளை அகற்றியதும் அவ்வூக்கம் மறைந்தது. பின்னர்ச் செய்ததே நுண்மதியின் பயன். அகற்றிய துணிக்கைகளுடன் மட்டும் ஓமோனைச் சேர்த்து, வெப்பமேற்றி, அத்தெளிநீரை எஞ்சிய திரவத்திலே இட்டனர். நொதியம் மீண்டும் விழித்தது. வெப்பத்தாற் புரதங்கள் கெடும். கெடாது நின்ற தூது புரதமன்று, வட்ட ஏ.எம்.பி. எனப் பின்னர்ப் பெயர்பெற்ற சிறு மூலக்கூறு.

அத்தூதை ஏற்கும் புரதத்தை 1968இல் எட்வின் கிரெப்சின் குழுவினர் கண்டனர். அது பிற புரதங்களிற் பொசுபேற்றைப் பிணைத்துச் சிலவற்றை ஊக்கும், சிலவற்றை அடக்கும். சதர்லாந்து 1971இல் நோபெற் பரிசு பெற்றார். அதனினும் வியப்பு, அவர் 1965இல் அதே மூலக்கூற்றைப் பற்றீரியாவிலும் கண்டமையே. ஈரலுமில்லை, அச்சமுமில்லை, எனினும் குளுக்கோசு குறையுங்கால் அங்கும் அது பெருகுகின்றது.