வருகைப் பட்டியலும் வலையமைப்பும்: இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அரசு ஆவணம் இணையத்தில் வெளியாவதாலேயே அது மக்கள் கையில் சான்றாகிவிடுவதில்லை. அது சான்றாவதற்கு வேண்டிய சூழலை, ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வருகைப் பட்டியலைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஊராட்சி ஒன்றியங்கள் இதன் களம்.

உரக்க வாசிக்கப்பட்ட பட்டியல்

ராஜஸ்தானில் 1990இல் தோன்றிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பரில் கோட்கிரானா என்னும் ஊரில் தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. அரசுப் பணிகளின் வருகைப் பட்டியல் ஊரார் முன் வாசிக்கப்பட்டது; வேலை செய்யாதோர் பெயரில் கூலி எழுதப்பட்டமை வெளிப்பட்டது. காகித நகலைப் பெறுவதே அன்று போராட்டமாக இருந்தது. தகவல் உரிமைக்கு 1997இல் தமிழ்நாடே முதலில் சட்டம் இயற்றியது. எனினும் அதில் விதிவிலக்குகள் மிகுதி. 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்த நடுவண் சட்டத்தின் 4ஆம் பிரிவு, ஆவணங்களைக் கணினிப்படுத்தி வலையமைப்பால் இணைக்கவும், கேட்கப்படாமலேயே வெளியிடவும் பணித்தது. வெளியிடுகையில் உள்ளூர் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதும் அப்பிரிவின் கூறே.

திரையில் ஏறிய பட்டியல்

2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் தொடங்கிய வேலை உறுதித் திட்டம், மூன்றாம் கட்டமாக 2008 ஏப்ரல் 1 முதல் விருதுநகருக்கு விரிந்தது. மக்கள் வழக்கில் இது 'நூறு நாள் வேலை'. மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி எனப் படிப்படியாக இறங்கி, வேலை அட்டை எண்ணையும் கூலி வரவையும் எவரும் இணையத்தில் காணலாம். மலையடிவார ஊராட்சியொன்றில் கண்மாய் வரத்துக்காலைத் தூர்வாரியோர் பட்டியலை, தகவல் மனு இன்றியே ஓர் உள்ளூர்க் குழு அச்சிட்டு எடுத்துக்கொள்ள இயலும். ஆயின் அப்பட்டியலில் உண்மையில் உழைத்தவர் எவர் என்பதைத் திரை சொல்லாது. உடன் வேலை செய்தவர்களே சொல்ல முடியும். மேலும் தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதப்படுவதால், தம் பெயரைத் தாமே இனங்காண்பதற்கும் பலருக்கு இடையாள் தேவைப்படுகிறார். சட்டத்தின் 17ஆம் பிரிவு சமூகத் தணிக்கையைக் கிராம சபையிடம் ஒப்படைத்தமை இவ்விடத்தில் நோக்கத்தக்கது. தமிழ்நாட்டில் இதற்கெனத் தனிச் சங்கம் 2013இல் அமைக்கப்பட்டது.

திசை மாறிய பார்வை

2021இல் அறிமுகமான அலைபேசிச் செயலி, 2023 ஜனவரி முதல் எல்லாப் பணித்தளங்களுக்கும் கட்டாயமாயிற்று. நாளுக்கு இருமுறை, இடக்குறியுடன் தொழிலாளர் படம் பதிவேற்றப்பட வேண்டும். அலைவரிசை கிடைக்காத இடத்தில் பதிவு தவறினால், செய்த வேலைக்கும் கூலி மறுக்கப்படும் நிலை உருவாகிறது. அரசைக் குடிமக்கள் கண்காணிக்கத் திறக்கப்பட்ட பட்டியல், தொழிலாளரை அரசு கண்காணிக்கும் கருவியாகவும் ஆகியுள்ளது. இதற்கு மாறான போக்கும் உண்டு: ராஜஸ்தான் அரசு 2019இல் தொடங்கிய ஜன் சூச்னா தளம், எந்தத் தகவல் எவ்வடிவில் வேண்டும் என்பதில் மக்கள் இயக்கங்களின் பங்களிப்புடன் உருவானது.

முடிவுரை

கோட்கிரானாவில் பட்டியலுக்கு வலிமை தந்தது அதை வாசித்த குரலும் மறுத்துரைத்த சாட்சியமும் ஆகும். வலையமைப்பு பட்டியலை அடையும் செலவைக் குறைத்தது. சாட்சியத்தின் தேவையைக் குறைக்கவில்லை. எனவே இவ்விரு ஒன்றியங்களின் மின்னணு ஆவணங்களை ஆராய்வோர், அவற்றைக் கிராம சபைத் தீர்மானங்களோடும் தொழிலாளரின் வாய்மொழி வழக்காறுகளோடும் ஒப்புநோக்குதல் இன்றியமையாதது. பதிவேறாத ஒரு நாள் உழைப்பு, திரையை மட்டும் நம்பும் வரலாற்றில் நிகழாததாகவே நின்றுவிடும்.