தாமான் கயிறு

மன்னார்க் கடலின் வரலாற்றைப் பேசப் புகுவோர் முத்திலே தொடங்கி முத்திலேயே முடித்துவிடுவது வழக்கம். முத்தை விற்றவர், வாங்கியவர், குத்தகைக்கு எடுத்தவர் எல்லோருக்கும் ஏடுகளில் இடமுண்டு. அந்தச் சிப்பியைக் கரைக்குக் கொண்டுவந்த வள்ளத்தைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே. வள்ளத்தின் கயிறுகளைப் பற்றியோ பேச்சே இல்லை. இவ்வாரம் அக்கயிறுகளுள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் தாமான்.

பாய்மர வள்ளத்திலே மரத்தின் மேல் குறுக்காக நிற்பது பருமல். பாயையும் பருமலையும் மேலே இழுத்து ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாய் ஏறியபின் அதன் கீழ்மூலையிலிருந்து பின்புறமாக வந்து ஓட்டியின் கைக்கு எட்டும் கயிறே தாமான். சுக்கான் வள்ளத்தின் திசையை ஆள்வதுபோல, காற்றுக்குப் பாய் கொடுக்கும் முகத்தைத் தாமான் ஆளுகிறது. இழுத்தால் பாய் இறுகிக் காற்றைப் பிடிக்கும். தளர்த்தினால் பாய் விலகிக் காற்றைக் கைவிடும்.

பக்கவாட்டிலே காற்று வீசும்போது பாயில் விழும் விசை வள்ளத்தை முன்னே தள்ளுவதோடு சரித்தும் விடுகிறது. திடீரென்று ஒரு வீச்சு வந்தால், சரிவு எல்லை கடந்து வள்ளம் கவிழும். அந்தக் கணத்திலே சுக்கானைத் திருப்ப நேரம் போதாமற் போகலாம். தாமானை விட்டுக்கொடுக்க ஒரு நொடி போதும். ஆகவே இக்கயிற்றை முடிச்சுப்போட்டுக் கட்டி வைப்பது ஆபத்து. குறுக்குச் சட்டத்திலோ மரமுளையிலோ ஒரு சுற்றுச் சுற்றினால் உராய்வு பாரத்தின் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்ளும். நுனி மட்டும் மனிதன் கையில் இருக்க வேண்டும். சுற்று ஒன்றானால் கை நோகும். சுற்று மூன்றானால் அவசரத்துக்குக் கயிறு ஓடாது. எந்தக் காற்றுக்கு எத்தனை சுற்று என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும்.

இந்த அறிவின் பெறுமதியை முத்துச் சலாபக் காலத்திலே காணலாம். மன்னார் மாவட்டத்தின் தென்கோடியிலே, வில்பத்துக் காட்டை அடுத்து, முள்ளிக்குளம் என்ற கரையோரக் கிராமம் இருக்கிறது. அதற்கு அயலிலுள்ள மரிச்சுக்கட்டியிலேதான் 1905ஆம் ஆண்டுச் சலாபத்தின் முகாம் அமைந்தது. வெறும் மணற்கரையிலே சில வாரங்களுக்கு ஏறத்தாழ 40,000 பேர் வாழும் நகரம் ஒன்று எழுந்தது. முந்நூறுக்கு மேற்பட்ட வள்ளங்கள் கூடின. அப்பருவத்திலே எடுக்கப்பட்ட சிப்பிகள் ஏறத்தாழ எட்டுக் கோடி. அதற்கு முன்னர், 1902இல், முத்துப்பார்களை ஆராய இங்கிலாந்திலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் வந்திருந்தார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னெல் பின்னாளில் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920இல் நூல் எழுதினார். முத்தைத் தேடி வந்தவரின் கண் வள்ளத்தின் மீதும் விழுந்தது நமது நல்வினை.

முத்துக் குளிப்புக்குப் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான அமைதிக் காலத்தையே தெரிந்தெடுத்தனர். வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் தொடங்கு முன்னுள்ள இடைவெளி அது. அந்நாட்களிலே இரவில் தரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். நண்பகலின் பின் கடலிலிருந்து தரைக்கு வீசும். நள்ளிரவை அண்டிக் கரைக்காற்றிலே பாய் விரித்த வள்ளங்கள் விடியும்போது பாரை அடைந்தன. நண்பகலில் குளிப்பை நிறுத்திக் கடற்காற்றிலே திரும்பின. போகும்போது வெறும் வள்ளம். வரும்போதோ சிப்பிப் பாரமும் இருபதுக்கு மேற்பட்ட மனிதரும் அதிலே இருந்தனர். பாரம் ஏறிய வள்ளத்தின் விளிம்பு நீருக்கு அண்மையிலே நிற்கும். சிறிது சரிந்தாலும் தண்ணீர் உள்ளே வரும். அத்தனை உயிரும் தாமானைப் பிடித்த ஒரு கையை நம்பியே கரைசேர்ந்தன.

அதே வள்ளத்திலே நம்பிக்கைக்கு இன்னொரு கயிறும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே சலாபத்தை நேரிற் கண்டு எழுதியவர்கள், வள்ளத்துக்குப் பத்துக் குளியாட்கள், ஐந்து கற்கள் என்று குறித்துள்ளனர். ஒருவர் கல்லோடு கீழே இறங்க, மற்றவர் மேலே இளைப்பாறுவார். இறங்கியவரின் கயிற்றை மேலே ஒருவர் கையிலே வைத்திருப்பார். அந்தக் கயிறு அசைந்தால் உடனே தூக்க வேண்டும். அதையும் கட்டிவைக்க முடியாது. பிடித்தே இருக்க வேண்டும்.

தாமான் என்ற சொல்லுக்கும் ஒரு பயண வரலாறு உண்டு. பாரசீகத்திலே ‘தாமன்’ என்றால் ஆடையின் கீழ்விளிம்பு. நாம் முந்தானை என்பதற்கு நெருங்கியது. இந்து சமுத்திரக் கப்பல்களிலே வேலைசெய்த லஸ்கார்களின் இந்துஸ்தானியிலே அது பாயின் கீழ்மூலைக் கயிற்றின் பெயராயிற்று. அங்கிருந்து தமிழ்க் கடலோடியின் வாய்க்கு வந்து தாமானாயிற்று. சுக்கான் அரபு தந்த சொல். வியப்பு என்னவெனில், ஆங்கிலேயர் இதே கயிற்றை ‘ஷீற்’ என்கின்றனர். அதன் பழைய ஆங்கில மூலச்சொல்லும் பாயின் கீழ்மூலையையே குறித்தது. ஒருவரையொருவர் அறியாத இரு கடல்களிலே, கயிற்றுக்கு அது கட்டப்படும் மூலையின் பெயரே வாய்த்திருக்கிறது.

இன்று உலகெங்கும் விளையாட்டுக்காக ஓட்டப்படும் சிறு பாய்ப்படகுகளைப் பார்த்தால், இக்கயிற்றுக்கென்றே பல கருவிகள் பூட்டப்பட்டிருக்கும். மூன்று நான்கு மடிப்பாகக் கப்பிகளிலே கயிற்றை ஓட்டி, இழுக்கும் பாரத்தை மூன்றில் அல்லது நான்கில் ஒரு பங்காகக் குறைக்கிறார்கள். கயிற்றைப் பற்களால் கவ்விக்கொள்ளும் பிடியொன்றும் உண்டு. ஓட்டி இருந்த இடத்திலிருந்து மேல்நோக்கி ஒருமுறை வெடுக்கென்று இழுத்தால் பிடி விட்டுவிட வேண்டும். அதை எந்த உயரத்திலே, எந்தக் கோணத்திலே பூட்டுவது என்பதிலேதான் அவர்கள் அதிகம் கவனம் செலுத்துகிறார்கள். நம்மவர் மரமுளையிலே சுற்றிய ஒற்றைச் சுற்றுக்கும் இந்த உலோகப் பிடிக்கும் இலக்கணம் ஒன்றே: பிடிக்கவும் வேண்டும், நொடியிலே விடவும் வேண்டும்.

1950களின் பிற்பகுதியிலிருந்து அரச திட்டங்களின் வழியே நமது படகுகளுக்கு இயந்திரம் வந்தது. பின்னர் கண்ணாடியிழைப் படகுகள் வந்தன. மீனவரின் உழைப்பும் ஆபத்தும் குறைந்தன, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் தந்தை பிடித்த தாமானை மகன் பிடிக்கத் தேவையில்லாமற் போயிற்று. 1990இன் பின், போர்க்காலத் தடைகளினால் எரிபொருள் அரிதான கரைகளிலே பாயும் துடுப்பும் மீண்டும் கைக்கு வந்தன. 2022இன் நெருக்கடியிலே மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையிலே கிடந்தன. அவ்வாண்டு ஆகஸ்டிலே ஒரு லீற்றரின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. காற்று அன்றும் இலவசமாகவே வீசிக்கொண்டிருந்தது. அதைப் பிடிக்கத் தெரிந்த கைகள் எத்தனை கரைகளிலே மிஞ்சியிருந்தன?

முள்ளிக்குளத்தின் இழப்பு இதனினும் பெரிது. 2007 செப்டம்பரிலே அவ்வூர் மக்கள் போரினால் வெளியேற்றப்பட்டனர். ஊர் கடற்படை முகாமாயிற்று. போர் முடிந்து திரும்பியோர் அயலிலே, மலங்காட்டிலும் காயாக்குழியிலும் குடிசை போட்டுத் தங்கினர். 2017 மார்ச்சிலே முகாம் வாசலிலே அமர்ந்து தொடர்ந்து போராடினர். ஏப்ரல் 29ஆம் திகதி, முதற்கட்டமாக 100 ஏக்கர் நிலத்தை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. பத்தாண்டு என்பது ஒரு பிள்ளை வள்ளத்திலே ஏறித் தொழில் பழகும் காலம். கடற்றொழில் புத்தகத்தால் வருவதன்று. தந்தையோடு அதே கரையிலிருந்து, அதே காற்றிலே போய்வந்து கையினாலே பழகுவது. நிலத்தை ஏக்கர் கணக்கிலே திருப்பித் தரலாம். பழகாமற்போன ஆண்டுகளைத் திருப்பித் தர முடியாது.

ஆயினும் செய்யக்கூடிய ஒன்று உண்டு. மன்னாரிலும் முசலியிலும் பாய் ஓட்டிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால், முத்துக் கதையை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒரு முழக் கயிற்றைக் கையிலே கொடுத்து, தாமானை எப்படிச் சுற்றுவது என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். அவர்களுடைய விரல்கள் செய்வதைப் பக்கத்திலிருக்கும் பிள்ளையும் ஒருமுறை செய்து பார்க்கட்டும்.