நோயாளியின் சொல்லை அளந்த வரலாறு



காய்ச்சல் தணிந்தால் நோய் நீங்கிவிட்டது என்றே கருதுகிறோம். 2008ஆம் ஆண்டு நம் ஜொகூரில் சிக்குன்குனியா பரவியபோது, காய்ச்சல் விட்டபின்னும் மூட்டுவலி பல மாதங்கள் நீடிக்கக்கூடும் என்பதைப் பலர் பட்டறிந்தனர். கோவிட்டுக்குப் பின் நீடிக்கும் சோர்வும் அத்தகையதே. இச்சோர்வைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இன்றும் இல்லை. நோயாளியின் சொல்லே சான்று.

அச்சொல்லை ஏற்க மறுத்த காலமும் உண்டு. 1955ஆம் ஆண்டு இலண்டன் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பேர் இனங்காணப்படாத நோய்க்கு ஆளாயினர். மருத்துவமனையே இரண்டு மாதங்களுக்கு மேல் மூடப்பட்டது. 1970இல் மனநல மருத்துவர் இருவர் அதனைக் கூட்டு மனக்கிளர்ச்சி என எழுதினர். பாதிக்கப்பட்டோரில் பெண்களே மிகுதி என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. நோயாளிகளை அவர்கள் நேரில் ஆராயவில்லை. பழைய குறிப்புகளையே படித்தனர்.

சொல்லை முறையாக அளக்கும் வினாநிரல்கள் பின்னர் வளர்ந்தன. 1993இல் வெளிவந்த சால்டர் சோர்வு அளவுகோல் 14 வினாக்களில் தொடங்கி, சோதனைக்குப் பின் 11 ஆகச் சுருங்கியது. கோவிட் நோயாளிகளுக்கென 2020இல் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் மறுவாழ்வு அளவுகோல் உருவானது. 2021 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் கோவிட்டுக்குப் பிந்திய நிலைக்கு வரையறை தந்தது.

வினாநிரலைச் சரிபார்ப்பது நமக்குப் புதிதன்று. கணிதத் தாளின் வினா மாணவனின் மொழியறிவை மட்டுமே சோதித்தால் அது ஏற்புடையதாகுமா? ஒரே நிலையிலுள்ள நோயாளி இரு வாரம் கழித்தும் ஏறத்தாழ அதே விடையைத் தரவேண்டும், அது நம்பகத்தன்மை. கேட்க எண்ணியதையே வினா கேட்கவேண்டும், அது ஏற்புடைமை.

மொழிபெயர்ப்பில்தான் இடர் மிகுதி. 'களைப்பாக உள்ளதா?' என்று கேட்டால், பால்மரம் வெட்டித் திரும்பியவர் எவரும் 'ஆம்' என்பார். உழைப்பின் களைப்பு ஓய்வில் தீரும். இந்நோயின் சோர்வோ உறங்கி எழுந்தும் தீராது. ஆகவேதான் தமிழாக்கியதை வேறொருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி ஒப்பிடுவர். பின் நோயாளிகளிடமே படித்துக்காட்டி, என்ன பொருள் கொண்டனர் என வினவுவர்.

நம் சிகாமட் மாவட்டத்திலும் மொனாஷ் பல்கலைக்கழகம் 2011இல் ஒரு சமூக நல ஆய்வகத்தைத் தொடங்கி, வீடு வீடாக நலன் குறித்துக் கேட்டு வந்துள்ளது. பல இனத்தார் வாழும் இவ்வூரில், எம்மொழியில், எச்சொல்லால் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே விடையின் மதிப்பு அமையும்.

காய்ச்சலுக்குப் பின் வகுப்பில் தலைசாய்க்கும் குழந்தையைச் 'சோம்பேறி' என்று சொல்லுமுன், நாமும் சரியான வினாவைக் கேட்போம்: "தூங்கி எழுந்த பிறகும் அசதியாக இருக்கிறதா, கண்ணு?"