அந்தப் புஸ்தகம் உங்ககிட்ட இருக்கா?

மலர்க் குழுவிலிருந்து நண்பர் போன் செய்து, "நீ இன்ஜினியர் ஆச்சே, சிமெண்ட் பத்தி ஏதாவது எழுதிக் கொடேன்" என்றார். சிமெண்ட் பற்றி எழுத அரியலூர்க்காரர் யாராவது நிச்சயம் இருப்பார். நான் எழுத நினைத்தது புஸ்தகம் தேடி அலைந்த மனிதர்களைப் பற்றி. இந்தக் கதை நம்ம குன்னத்தில்தான் ஆரம்பிக்கிறது என்பது நம் தம்பி தங்கைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் 1855-ல் பிறந்தவர். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். இராமாயணக் கதை சொல்லிக் குடும்பம் நடத்தியவர். கதை கேட்க ஆதரவு இருக்கிற ஊருக்குக் குடும்பம் பெயரும். பையனுக்குத் தமிழ் சொல்லித் தர ஆள் இருக்கிற ஊருக்கும் பெயரும். அப்படித்தான் 1860-களில் அரியலூரில் சடகோபையங்காரிடம் படித்தார், குன்னத்துக்கு வந்து சிதம்பரம் பிள்ளையிடம் பாடம் கேட்டார், கார்குடிக்குப் போய்க் கஸ்தூரி ஐயங்காரிடம் கேட்டார், பெரம்பலூர் பக்கம் செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை படித்தார். ஒரு இலக்கண நூலைக் கற்றுக்கொள்ளக் குடும்பத்தோடு ஊர் மாறவேண்டிய காலம் அது. நாம் என்னடாவென்றால் லைப்ரரிக்கு மாடிப்படி ஏற அலுத்துக்கொண்டோம்!

1880-ல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியரானார். அதே வருஷம் அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், "சீவகசிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். இல்லை. அந்த 'இல்லை'தான் அவரை ஏடு தேட வைத்தது. மடங்களிலும் வித்துவான்கள் வீட்டிலும் விசாரித்து, கடிதம் மேல் கடிதம் எழுதி, பிரதிகளை ஒப்பிட்டு, 1887-ல் சிந்தாமணியை அச்சேற்றினார். அதன் பிறகு பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் என்ற பேராசிரியரே அவருக்குக் கடிதம் எழுதினார். யாரிடம் எந்த ஏடு இருக்கிறது என்று தபாலில் விசாரித்துக்கொண்ட ஒரு கூட்டம் அப்போதே இருந்தது என்றுதான் நான் சொல்வேன்.

நூறு வருஷம் கழித்து அதே கேள்வி கம்ப்யூட்டரில் கேட்கப்பட்டது. 1990-ல் டொமினிக் வுயாஸ்டிக் என்ற சமஸ்கிருத அறிஞர் 'இண்டாலஜி' என்ற மின்னஞ்சல் குழுவைத் தொடங்கினார். இந்திய மொழிகளில் ஆராய்ச்சி செய்கிறவர்கள், இந்தப் பதிப்பு எங்கே கிடைக்கும், இந்தச் சுவடி எந்த நூலகத்தில் என்று அதில் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் சிட்னியிலிருந்த பாலா பிள்ளை தமிழ்.நெட் என்ற மின்னஞ்சல் குழுவை ஆரம்பித்தார். நம்ம நாட்டில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்ததே 1995 ஆகஸ்ட் 15-ல்தான். அதுவும் சென்னை மாதிரி பெரிய ஊர்களில். ஆகவே தமிழ் ஏட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வெளிநாட்டில்தான் நடந்தது. ஏடு இங்கே, கேள்வி அங்கே!

இனி கொஞ்சம் என் தொழில் பாஷை, பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைய கம்ப்யூட்டரில் ஓர் எழுத்துத் தொகுப்புக்கு 256 இடங்கள். முதல் 128 ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும் போய்விட்டது. மிச்சத்தில் தமிழை அடைக்கவேண்டும். அடைத்தார்கள்; ஆனால் ஃபாண்ட் செய்த ஒவ்வொருவரும் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு வேறு வேறு இடத்தில் வைத்தார்கள். ஒருவர் அனுப்பிய குறள் இன்னொருவர் திரையில் கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாக நின்றது. பலர் 'அம்மா'வையே ஆங்கில எழுத்தில் எழுதிக் காலம் தள்ளினார்கள்.

இதற்கு மருந்து தேடி 1997-லிருந்து ஒரு கூட்டம் மின்னஞ்சலிலேயே வாதாடியது. அதில் பிறந்ததுதான் 'திஸ்கி' என்ற பொதுக் குறியீடு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் 'டாம்', 'டாப்' என்று இன்னும் இரண்டு வந்தன. பொதுவாக ஒன்று வேண்டும் என்று கூடி மூன்றோடு கலைவது நமக்குப் புதுசா என்ன? 1991-லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தாலும், விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் சாதாரணக் கம்ப்யூட்டருக்கு அது எட்டியது.

இந்தக் குழப்பத்தின் நடுவிலேயே 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. முன்னின்றவர் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்த கல்யாணசுந்தரம். துணைக்கு அமெரிக்காவிலிருந்து குமார் மல்லிகார்ஜுனன். பல நாடுகளில் இருந்த தமிழர்கள், சம்பளம் கிடையாது, வேலை முடிந்து வந்த நேரத்தில் பழைய நூல்களைத் தட்டினார்கள். வேறு ஒருவர் பிழை பார்த்தார். ஜெர்மனியில் கொலோன் பல்கலைக்கழகத்தார் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியையே கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். இலங்கையில் யாழ்ப்பாண நூலகம் 1981-ல் எரிந்து சுமார் 97,000 நூல்கள் சாம்பலானதை நினைத்துப் பாருங்கள். 2005-ல் 'நூலகம்' திட்டம் தொடங்கி ஈழத்து நூல்களை இணையத்தில் சேர்த்ததன் அருமை அப்போது புரியும்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். உ.வே.சா. பதிப்பில் அடிக்குறிப்பு இருக்கும், பாடபேதம் இருக்கும், எந்த ஏட்டில் எப்படி என்று தெரியும். கம்ப்யூட்டரில் முதலில் ஏறியவை பெரும்பாலும் வெறும் மூலம். படிக்கப் போதும், ஆராய்ச்சிக்குப் போதாது. பக்கத்தையே படம் பிடித்து ஏற்ற ஆரம்பித்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

2010 வாக்கில் என்னோடு தினமும் பஸ்ஸில் வந்த நண்பர் ஒருவர் தமிழில் எம்.ஃபில். செய்துகொண்டிருந்தார். ஒரு பழைய உரைநூலுக்காக வெளியூர் நூலகம் ஒன்றுக்கு மூன்று தடவை போனார். ஒரு தடவை விடுமுறை, ஒரு தடவை கணக்கெடுப்பு, மூன்றாவது தடவை "புக் இருக்கு, கட்டு பிரிக்க ஆள் இல்லை". அந்த நூலை என் ஹாஸ்டல் ரூம் கம்ப்யூட்டரில் ராத்திரி பதினொரு மணிக்குக் கண்டுபிடித்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. நூறு பக்கம் கையாலேயே நோட்டில் எழுதிக்கொண்டு விடியக்காலை போனார். பென் டிரைவ் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை.

அன்றிலிருந்து நானும் சனிக்கிழமை ராத்திரிகளில் பழைய நூல்களுக்குப் பிழை திருத்துகிறேன். ஒரு வேடிக்கை பாருங்கள். ஓலைச்சுவடியில் புள்ளி கிடையாது. 'ர'வும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். உ.வே.சா. மல்லுக்கட்டிய விஷயம் அது. இன்று அச்சுப் பக்கத்தைக் கம்ப்யூட்டர் தானே படிக்கிறது. அதுவும் அதே 'ர'வையும் காலையும்தான் மாற்றிப் போடுகிறது! "ரெண்டும் பார்க்க ஒண்ணுதானேப்பா" என்கிறாள் என் மகள். பார்க்க ஒன்றுதான். தேடினால் அந்தச் சொல் அகப்படாது.

குன்னம், வேப்பூர், செங்குணம் பக்கத்து வீடுகளில் தாத்தா காலத்துப் புஸ்தகமோ ஏட்டுக்கட்டோ பரணில் இருக்கலாம். கரையான் முந்திக்கொள்வதற்குள், கூடும் நாளன்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். புஸ்தகத்தைக் கொடுக்க வேண்டாம். ஸ்கேனரை நானே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறேன்.