ராஜா எங்கய்யா?

'அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி' 2017-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த விளையாட்டு. நாட்டி டாக் நிறுவனத்தின் தயாரிப்பு. போசளர் காலத்து விநாயகர் தந்தத்தைத் தேடிக் குளோயி, நதீன் என்று இரண்டு பெண்கள் மேற்குத் தொடர்ச்சி மலைக்குள் போகிறார்கள். விளையாட அவ்வளவு நன்றாக இருக்கும். சேற்று மேட்டில் ஜீப்பை ஏற்றுவது, கயிற்றை வீசிப் பள்ளத்தைத் தாண்டுவது, புல்லுக்குள் பதுங்கிப்போய் ஆளை அமுக்குவது என்று கை தானாக ஓடும். நான் இரண்டு முறை முடித்திருக்கிறேன்.

கதைதான் ஒட்டவில்லை. வில்லன் அசாவ் தந்தத்தைக் கொடுத்து வெடிகுண்டு வாங்குவான். கடைசியில் ரயிலில் சண்டை. போசளரை எடுத்துவிட்டு வேறு எந்த ராஜ்ஜியத்தை வைத்தாலும் இதே கதை ஓடும். அம்பாங் பெச்சா வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அப்பா கேட்டார்: "கோயிலு இருக்கு, செல இருக்கு. ராஜா எங்கய்யா?"

சரியான கேள்வி. விளையாட்டில் ஹளேபீடு மலையும் அருவியும் மறைத்த நகரம். உண்மையான ஹளேபீடு கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில், திறந்த மேட்டு நிலத்தில், ஏரிக்கரையில் இருக்கிறது. துவாரசமுத்திரம் என்ற பழைய பெயரில் வரும் 'சமுத்திரம்' அந்த ஏரிதான். ஒளிந்திருந்த நகரமே அல்ல. 1311-இல் மாலிக் காஃபூரின் படை நேராக வந்து நின்றது.

அதைவிட, போசளர் கதையில் பாதி தமிழ்நாட்டில் நடக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் சமயபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில் அவர்களுக்கு இன்னொரு தலைநகரம் இருந்தது. பின்னாளில் அதை மதுரை சுல்தானின் ஆட்கள் பிடித்துக்கொள்ள, 1342-43 வாக்கில் மூன்றாம் வீர வல்லாளன் அதை முற்றுகையிட்டார். அவருக்கு வயது எண்பது என்கிறார் இபின் பதூதா. உள்ளே இருந்தவர்கள், சரணடைவதா என்று மதுரையைக் கேட்டுச் சொல்ல அவகாசம் கேட்டார்கள். வல்லாளன் கொடுத்தார். அந்த இடைவெளியில் மதுரைப் படை வந்து விழுந்தது. கிழவரைப் பிடித்து, விடுதலை செய்வதாக ஆசை காட்டி யானை, குதிரை, பணம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டார்கள். இபின் பதூதா அதைத் தன் கண்ணால் பார்த்ததாக எழுதியிருக்கிறார்.

எதிரியின் வார்த்தையை நம்பி அவகாசம் கொடுத்த அந்த முடிவு ஒன்று போதும், ஒரு முழு விளையாட்டுக்கு. அதை விட்டுவிட்டு வெடிகுண்டுக்குப் போனார்கள்.

அமெரிக்க நிறுவனத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் ஊருக்கு வருகிறேன். அம்பாங் பெச்சா என்றால் உடைந்த அணை. ஈய லம்பத்துக்காக மண்ணும் மரமும் வைத்துக் கட்டிய அணை அது. 1883 அக்டோபரில் உடைந்து கோலகுபுவை அடித்துப்போனது. உலு சிலாங்கூரின் முதல் கலெக்டர் செசில் ரேங்கிங்கும் வெள்ளத்தில் செத்தார். பிறகு லம்பத்து மணல் ஆற்றை நிரப்பி, வெள்ளம் திரும்பத் திரும்ப வந்து, ஊரையே மேட்டுக்கு மாற்றினார்கள். இன்றைய கோலகுபு பாரு அப்படி வந்ததுதான்.

ஊரில் சொல்லும் கதையோ வேறு. அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை ரேங்கிங் சுட்டார், அணை உடைந்தது. அவ்வளவுதான். நான் கேட்ட எந்தக் கதையிலும் செத்த உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரும் இல்லை. போன வருஷம் ஒரு பெரியவரிடம், அணையில் மதகு இருந்ததா, யார் பராமரித்தார்கள் என்று கேட்டேன். பொறியாளன் புத்தி. அவர் இரண்டு கையையும் அகல விரித்து, முதலை எவ்வளவு நீளம் என்று காட்டினார்.